மார்த்தாண்டம் தேனை வாட்ஸ்அப்பில் விற்க...

பத்து பாட்டில் இருந்தால் தொடங்கிவிடலாம். பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். முதல் பாட்டிலைக் கையில் கொடுக்கும்போதே சேமிக்கச் சொல்லுங்கள்.

ரப்பர் தோட்டங்களில் எடுக்கும் தேன் சீக்கிரம் உறையும். அடியில் வெள்ளையாகக் குருணை கட்டியதைப் பார்த்ததும் 'சர்க்கரைப் பாகு' என்று பேச்சு கிளம்பிவிடும். ஊருக்குள் செய்யும் வியாபாரத்துக்கு அது பெரிய அடி. உறைந்த தேனின் படத்தை முன்னரே அனுப்புங்கள். கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், கொதிநீர் வேண்டாம்.

ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேன் புளித்துவிடும். தேனீக்கள் மெழுகால் மூடாத அடையில் ஈரம் அதிகம் இருக்கும், அதில் தேன் எடுக்காதீர்கள்.

அக்கம்பக்கத்தார் தேனையும் விற்கிறீர்களா? ஒன்றாகக் கலக்காதீர்கள். யார் தோட்டம், எடுத்த தேதி இரண்டையும் பாட்டிலில் எழுதினால், புகார் வந்ததும் எந்தத் தேன் என்று தெரிந்துவிடும்.