காட்சித் தொட்டியைப் புதுப்பித்து மீன்களை மாற்றுவது எப்படி: வட சென்னைத் தண்ணீருக்கு ஏற்ற வழிமுறை

பள்ளி, பூங்கா, நூலகம், மருத்துவமனை வரவேற்பறை என்று பலர் வந்துபோகும் இடங்களில் வைக்கப்படும் மீன் தொட்டிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆக வேண்டும். மூலைகளில் சிலிக்கான் கறுத்துப்போகும், பின்னணித் தாள் வெளுக்கும், விரல் நீளத்தில் வாங்கிய மீன் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து திரும்பக்கூட இடமில்லாமல் நிற்கும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அலங்காரத்தை முடிவு செய்கிறார்கள், அடுத்து மீனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கடைசியில்தான் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். கிடைக்கும் தண்ணீர் மீனைத் தீர்மானிக்கட்டும். மீன் தொட்டியின் அமைப்பைத் தீர்மானிக்கட்டும்.

வட சென்னையில் இது வெறும் கொள்கைப் பேச்சு அல்ல. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடி நீருக்குள் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி; திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் போர்த் தண்ணீர் பல தெருக்களில் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற நன்னீர் மீன்களை வாழவைக்க ஆர்ஓ இயந்திரம் மாட்டி, கழிவு நீரை நாள்தோறும் சாக்கடையில் விட்டுக்கொண்டிருப்பதைவிட, உவர்நீரை, அதாவது கடல்நீரும் நன்னீரும் கலந்த நீரை, விரும்பும் மீன்களைக் கொண்டு பழவேற்காட்டு ஏரியைப் போன்ற ஒரு காட்சியை அமைப்பது செலவிலும் குறைவு, பார்க்கிறவர்களுக்கும் தங்கள் ஊர்க் கடற்கரையைப் பற்றி ஏதாவது சொல்லும். மெட்ரோ தண்ணீர் மட்டுமே கிடைத்தாலும் கவலை இல்லை. உப்பைச் சேர்ப்பது எளிது, எடுப்பதுதான் கடினம்.

இந்தக் காட்சிக்கு என் தேர்வு ஆரஞ்சு குரோமைடும் கரிமீனும். இரண்டும் நம் கழிமுகங்களின் உறவுக்கார மீன்கள். சேர்த்து வைத்தால், சிறிய ஆரஞ்சு குரோமைடு பெரிய கரிமீனின் துடுப்பிலும் உடலிலும் ஒட்டியிருக்கும் பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் கொத்தித் தின்பதைப் பொறுமையாக நிற்பவர்கள் காணலாம். ஆரஞ்சு குரோமைடு குஞ்சு பொரித்தால், குஞ்சுகள் தாய் தந்தையின் உடல்மீது படர்ந்திருக்கும் வழவழப்பைக் கொத்தி உண்ணும். இதைப் பார்த்த பிள்ளைகள் தொட்டியை விட்டு நகர மாட்டார்கள். கரிமீன் ஓரடி வரை வளரும் என்பதால் நான்கடித் தொட்டியில் இளம் மீன்கள் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். அவை பாசியையும் இலையையும் மேய்பவை. ஆகவே உயிருள்ள செடிக்குச் செலவழிக்க வேண்டாம்.

இந்த மீன்களைப் பிடித்துவர யாரும் வலையோடு பழவேற்காட்டுக்குப் போகக் கூடாது; அது பறவைகள் சரணாலயம். வளர்ப்பில் பிறந்தவற்றையே வாங்க வேண்டும். கரிமீன் குஞ்சு உற்பத்தியில் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நல்ல அனுபவம் உண்டு. பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலும் ஆலோசனை கேட்கலாம். கடற்குதிரை, பவளம், கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அவற்றைக் காட்சிக்கு வைக்கக் கூடாது.

பழைய மீன்களுக்கு இடம் உறுதியாகும் வரை தொட்டியில் கை வைக்க வேண்டாம். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பேசினால் ஆஸ்கரையோ கோல்டு பிஷ்ஷையோ எடுத்துக்கொள்ள யாராவது முன்வருவார்கள். ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொட்டியிலிருந்து நீர்நிலைகளுக்குப் போன சக்கர் மீன் கரைகளைக் குடைந்து, உள்ளூர் மீன்களின் இரையைப் பறித்துக்கொண்டு பெருகியிருக்கிறது. அந்த வேலையைச் செய்யவே கூடாது.

பிரிக்கும் நாளுக்கு முந்தைய மாலையே தீனியை நிறுத்திவிட வேண்டும். மூடி உள்ள பெரிய டப்புகளில் அந்தத் தொட்டியின் தண்ணீரையே நிரப்பி, ஏர் பம்ப் ஓடவிட்டு, அலங்காரப் பொருள்களை வெளியே எடுத்து, தண்ணீரை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிய பிறகு மீன்களைப் பிடித்தால் துரத்தல் இருக்காது. முள்துடுப்பு உள்ள பெரிய மீனை வலையில் அள்ளாமல் பிளாஸ்டிக் பெட்டியால் தண்ணீரோடு மொண்டு எடுப்பது நல்லது. மணலைக் கிளறுவது மீன்கள் வெளியேறிய பிறகுதான்: ஆழத்தில் கறுத்துப்போன மணலைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு மீன்களைக் கொல்லக்கூடியது.

பழைய தொட்டியில் காப்பாற்ற வேண்டிய முக்கியமான பொருள் ஃபில்டரின் ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அவற்றில்தான் குடியிருக்கின்றன. பளிச்சென்று இருக்கட்டும் என்று குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். வேலை முடியும் வரை பழைய தண்ணீரில் மூழ்கவைத்து காற்றுக் குமிழிகளை விடும் ஏர் ஸ்டோன் போட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 450 லிட்டர் கொள்ளும்; மணலும் கண்ணாடியும் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். காசிமேடு, ராயபுரம் பக்கத்தில் கடற்காற்றில் இரும்பு ஸ்டாண்டின் அடிப் பற்றவைப்புகள் வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்றிவிட வேண்டும். சிலிக்கானைப் பொறுத்தவரை, பழையதன் மேல் புதியது ஒட்டாது. பிளேடால் முழுவதும் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, மீன் தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கானையே பூச வேண்டும். குளியலறைக்கான வகையில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். காடி நாற்றம் முற்றிலும் போகக் குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு, தொட்டியை நிரப்பி, இணைப்புகளின் கீழே செய்தித்தாளை விரித்து இரண்டு நாள் வைத்தால் ஊசிமுனைக் கசிவுகூட தாளில் வட்டமாகத் தெரிந்துவிடும்.

மணலை எண்ணூர் முகத்துவாரத்தில் அள்ளிவர வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெயும் படிந்த இடம் அது. கடையில் விற்கும் மணலைத் தெளிந்த நீர் வரும் வரை அலசிப் போடலாம். சிப்பி ஓடும் சுண்ணாம்புக் கல்லும் இந்தக் காட்சிக்கு நன்மையே செய்யும்.

மெட்ரோ தண்ணீரை, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் போட்டு நிரப்பிய பிறகு, முதலில் மோலிகளை விட வேண்டும். நன்னீரிலும் உப்புநீரிலும் வாழக்கூடிய மீன் அது, கொளத்தூரில் தாராளமாகக் கிடைப்பது. பிறகு மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாகக் கடல் மீன் தொட்டிக்கான உப்பை, சமையல் உப்பை அல்ல, வாளியில் கரைத்துச் சேர்த்து, லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம் அளவுக்குக் கொண்டுவரலாம். ஃபில்டரின் பாக்டீரியாக்களும் இந்த வேகத்தில்தான் உப்புக்குப் பழகும். போர்த் தண்ணீரைப் பயன்படுத்துவோர் அதில் ஏற்கெனவே உள்ள உப்பை அளந்து கழித்துக்கொள்ள வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டிய பின்பே ஆரஞ்சு குரோமைடு, கரிமீன் ஆகியவற்றின் முறை. அவையும் அதற்குள் தனித் தொட்டியில், தனி வலையோடு, மூன்று வாரங்களாவது கண்காணிப்பில் இருந்திருக்க வேண்டும்.

கொளத்தூரிலிருந்து அரை மணி நேரத்தில் வரும் மீனை, பையை மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து ஒரு மணி நேரத்தில் பழக்கலாம். வெளியூரிலிருந்து நெடுநேரம் பயணித்த பைக்கு இது ஆகாது. உள்ளே கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏற, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகும். உப்பளவை முன்கூட்டியே கேட்டு, கண்காணிப்புத் தொட்டியில் அதே அளவை வைத்து, வெப்பநிலை சமமானதும் மீனை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒரு கோடாகக் குறித்து வைத்தால் காவலாளிகூட இதைப் பார்த்துக்கொள்வார். “அந்தப் பெரிய மீன் எங்கே?” என்று தினமும் யாராவது கேட்பார்கள். பழைய மீன் எங்கே போனது, புதியது எது, ஏன் மாற்றினோம் என்று மூன்று வரியில் எழுதிய பலகையைத் திறப்பு நாளிலேயே பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டிவிட வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் அன்றைக்கே தயாராக இருக்கட்டும். மே மாதச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் முன்பே குறைவு.