பாதிப் பிளேட்டாலை தையல் பிரிக்கிற விதம்

யாழ்ப்பாணம் கொக்குவிலிலை வீட்டோடை இருந்து தைக்கிறன். தைக்கிறதைவிடப் பிரிக்கிறதுதான் எனக்குக் கூட வேலை. பிள்ளையளின்ரை பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஆறு மாதத்திலை குட்டையாயிடும், கரை இறக்கித் தரச்சொல்லிக் கொண்டு வருவினம். தையல் பிரிக்கவெண்டு இரண்டு முனைக் கவர்மாதிரி ஒரு சாமான் கடையிலை விக்குது. வாங்கிப் பாத்தன், முனை தடிப்பு. என்ரை கைக்கு, இரண்டு பக்கமும் கூரான சேவ் எடுக்கிற பிளேட்டிலை பாதிதான் சரி.

புதுப் பிளேட்டைக் கடதாசியை விட்டு எடுக்காமல் நீளவாக்கிலை மடியுங்கோ. நடுவிலை ஓட்டை நீளமா இருக்கு, உருக்கும் கடினம். வளையாமல் டக்கெண்டு இரண்டாகும். துணுக்குப் பறக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கோ. உடைஞ்ச பக்கத்துக்கு இன்சுலேசன் ரேப் இரண்டு சுத்து.

இரண்டு துணியையும் விரிச்சு இழுத்துப்பிடிச்சு, நடுவாலை சர்ரெண்டு அறுத்துக்கொண்டு போறவையும் இருக்கினம். கை தவறினால் சட்டை போச்சு. நான் ஒரு பக்கத்திலை மட்டும், நாலு தையலுக்கு ஒண்டு வெட்டுவன். பிளேட்டின்ரை மூலையைத் தையலுக்குக் கீழை விட்டு, கூர் நூலைப் பாக்க, மெல்லத் தூக்கினால் காணும். பிறகு துணியைத் திருப்பி மற்றப் பக்க நூலை இழுத்தால் ஒரே இழுவையிலை வரும். வெள்ளைத் துணியிலை வெள்ளை நூல் கண்ணுக்குப் பிடிபடாது. காலமை வெய்யில் சாய்வா விழுற விறாந்தையிலை இருங்கோ. ரீசேட்டுக்குக் கிட்டவும் பிளேட்டைக் கொண்டுபோகாதேங்கோ, ஒரு கண்ணி அறுந்தால் ஓடத் தொடங்கும்.

தையல் பிளேட்டைக் கழுவத் தேவையில்லை. சேவ் எடுக்கிற பிளேட்டைக் கழுவினால் உதறிக் காயவிடுங்கோ, துவாயாலை துடைச்சால் கூர் கெடும். எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை கிடந்து வாறது, உதறாமல் விட்டால் வெள்ளைப் படை பிடிக்கும்.

1990க்குப் பிறகு, சண்டைக்காலத்திலை அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரவிடாத தடைக்காலத்திலை ஐயா ஒரு பிளேட்டைக் கண்ணாடிக் கிளாசின்ரை உள்பக்கத்திலை தேய்ச்சுத் தேய்ச்சு வாரக்கணக்கா சேவ் எடுப்பார். அவர் கைவிட்டது பென்சில் சீவ எனக்கு வரும்.

முடிஞ்ச பிளேட்டுக்குப் பால்மா ரின் ஒண்டு வையுங்கோ, மூடியிலை கீறல் போட்டு. குப்பையோடை வளவிலை எரிச்சால் அது உருகாது. மாரி மழைக்குச் சாம்பல் கரைய, பிளேட் மேலை வரும். வேலியோரம் செருப்பில்லாமல் போய், குதிக்காலிலை வாங்கி, ஏற்பு (ரெட்டனஸ்) ஊசியும் போட்டுக்கொண்டு வந்தவள் சொல்லுறன்.