கார்ன் ஸ்நேக் திடீரென்று முட்டை போட்டுவிட்டதா? கடலூர் வெயிலில் பொரிக்க வைக்கும் முறை

ஆண் பாம்பே இல்லாத வீட்டில் முட்டை எப்படி வந்தது என்று முதலில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கார்ன் ஸ்நேக் என்பது வீட்டில் வளர்க்கும் ஒரு அமெரிக்கப் பாம்பு. அதில் பெண், இணைசேர்ந்த பிறகு விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைத்திருக்கும். நீங்கள் வாங்கும் முன்பே அது நடந்திருக்கலாம். ஆணே இல்லாமல் கரு உருவாவதும் சில பாம்பு இனங்களில் பதிவாகியிருக்கிறது. இரண்டும் இல்லாமல் வெறும் கூமுட்டையாகவும் இருக்கலாம். எதுவானாலும் முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குட்டிகள் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுப்பது.

தோட்டத்தில் சாரை முட்டை கிடந்தது, அதை என்ன செய்வது என்று தேடி வந்தவர்கள் வனத்துறைக்குப் போன் போடுங்கள். சாரை, நல்லபாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படி 1: வேண்டுமா, வேண்டாமா?

ஒரே ஈட்டில் பதினைந்து இருபது குட்டிகள் வரலாம். ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, வாராவாரம் ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு. முடியாது என்றால் முட்டை போட்ட அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நாள் தள்ளாதீர்கள், உள்ளே கரு வளர்ந்துகொண்டே போகும். கெடிலம் ஆற்றங்கரையில் விட்டுவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அது அமெரிக்கப் பாம்பு. இங்குள்ள தவளைக்கும் ஓணானுக்கும் அதனால் தொல்லை.

படி 2: புரட்டாமல் எடுப்பது

கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி வைப்போம். பாம்பு முட்டைக்கு அது ஆகாது. போட்ட ஓரிரு நாளில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் செத்துப்போகும். கிடந்த நிலையிலேயே மேல்பக்கம் பென்சிலால் சின்னக் குறி போடுங்கள், மார்க்கர் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காமல் கொத்தாகவே தூக்குங்கள்.

நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு விற்கும் இன்குபேட்டரை வாங்கிவிடாதீர்கள். அது 37.5 டிகிரிக்கானது, தானாகவே முட்டையைப் புரட்டவும் செய்யும்.

படி 3: டப்பா

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, பாதி அளவு பெர்லைட் (செடித் தொட்டிக்குப் போடும், பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்). தண்ணீர் கலந்து கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டக்கூடாது, ஈரம் மட்டும் தெரிய வேண்டும். முட்டைகளைப் பாதி புதைத்து வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் தென்னை நார்க்கழிவு போடுகிறார்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு அதில் பூஞ்சை பிடிக்கும் வேகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை.

படி 4: சூடு (இங்கேதான் ஆட்டமே)

வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்றுதான் சொல்லும். கார்ன் ஸ்நேக் முட்டைக்கு 26 முதல் 29 டிகிரி போதும். 32-ஐத் தாண்டி நின்றால் முதுகெலும்பு வளைந்த குட்டிகள் வரும், இல்லையென்றால் எதுவுமே வராது. அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆக, நமக்கு வேண்டியது குளிரூட்டி. (பால் பைத்தான் என்ற இன்னொரு வளர்ப்புப் பாம்பின் முட்டைக்கு 31–32 வேண்டும், அதை வளர்ப்பவர்கள் பாடு இங்கே சுலபம்.)

நாள் முழுக்க ஏசி ஓடும் அறை இருந்தால் டப்பாவை அங்கே வையுங்கள், வேலை முடிந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்தவர்களுக்குப் பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜும் எஸ்டிசி-1000 தெர்மோஸ்டாட்டும் (சூட்டைப் பார்த்துத் தானாக ஆன்-ஆஃப் செய்யும் கருவி). டபிள்யூ1209 என்ற தெர்மோஸ்டாட் இன்னும் மலிவு, ஆனால் அதில் ஒரே ரிலே (தானியங்கி சுவிட்ச்). எஸ்டிசியில் சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனி ரிலே உண்டு. மார்கழி இரவில் ஹீட் மேட்டையும் (சூடேற்றும் மின்விரிப்பு) அதிலேயே மாட்டலாம். இது வீட்டு மின்சாரம், வயரிங் தெரியாதென்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எஸ்டிசியின் செட்டிங்கில் எஃப்1-ல் (வேண்டிய சூடு) 28, எஃப்2-ல் (எவ்வளவு ஏறி இறங்கலாம்) 1, எஃப்3-ல் (கம்ப்ரசர் மறுபடி ஓடும் முன் காத்திருப்பு) 5 நிமிடம். எஃப்3-ஐக் குறைத்தால் கம்ப்ரசர் அடிக்கடி அணைந்து எரிந்து சீக்கிரம் போய்விடும்.

இனி சென்சார். முட்டை டப்பாவுக்குள் வைத்தால் சரியாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் ஈரப் பெர்லைட் மெதுவாகத்தான் குளிரும். அது 28-க்கு வரும்வரை கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் ஃப்ரிட்ஜின் காற்று ஜில்லென்று ஆகிவிடும். கம்ப்ரசர் நின்ற பிறகும் டப்பா இறங்கிக்கொண்டே போகும். வெறும் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்தாலே கம்ப்ரசர் உறுமும். நடுவழி: ஒரு சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சென்சாரை அதில் இறக்கி, டப்பாவை ஒட்டி வையுங்கள். டப்பாவுக்குள் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். முட்டையை வைக்கும் முன் ஒரு நாள் முழுக்க வெறும் பெர்லைட்டோடு ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு நாள் முட்டை ஏசி அறையிலோ வீட்டின் குளுமையான மூலையிலோ இருக்கட்டும்.

டப்பா அடித்தட்டில், ஃப்ரீசரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மூடியை ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் வியர்க்கும் நீர் முட்டைமேல் சொட்டாமல் ஓரமாக இறங்கும்.

படி 5: காத்திருப்பு

ஒரு வாரம் கழித்து இருட்டில் போன் டார்ச்சை முட்டையை ஒட்டிப் பிடியுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் உண்டு. மஞ்சளாக மொத்தமும் ஒளிர்ந்தால் கூமுட்டை. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும். நடுவில் முட்டை குழிந்தால் ஈரம் குறைவு என்று அர்த்தம். தண்ணீரைப் பெர்லைட்டில் ஊற்றுங்கள், முட்டைமேல் அல்ல. கடைசி நாட்களில் குழிந்தால் கவலை இல்லை.

28 டிகிரியில் ஏறக்குறைய 60 நாளில் குட்டி ஓட்டைக் கீறி மூக்கை நீட்டும். ஒரு நாளுக்கு மேல்கூட அப்படியே உட்கார்ந்திருக்கும், இழுக்காதீர்கள். முதல் சட்டை உரித்த பிறகுதான் இரை.

தாயை மறந்துவிடாதீர்கள். முட்டை போட்ட பிறகும் பின்வயிறு கட்டியாக இருந்தால் உள்ளே முட்டை சிக்கியிருக்கலாம். புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: மின்வெட்டு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2011 தானே புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பயம் நியாயம்தான். டப்பாவை மீன்கடைத் தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றி, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மறுமூலையில் வையுங்கள். சில மணி நேரம் 24-க்கு இறங்கினாலும் முட்டை தாங்கும், 34-ஐத் தாங்காது.

பின்சேர்க்கை 2: பால் பைத்தான் வைத்திருப்பவர்களுக்கு: அது சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம். 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பாம்பைப் பதிவு செய்ய வேண்டும், பிறக்கும் குட்டிகளையும் தெரிவிக்க வேண்டும்.

பின்சேர்க்கை 3: முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர், குட்டி ஓட்டைக் கீறிய இரவே எறும்பு மொய்த்துவிட்டதாக எழுதியிருந்தார். ஏசி அறையில் டப்பா வைப்பவர்கள் அதை ஒரு தண்ணீர்த் தட்டின் நடுவே, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் வையுங்கள். எறும்பு மருந்தோ சாக்பீஸோ பக்கத்தில் வரக்கூடாது. மூடியில் துளை போட்டிருந்தால் மெல்லிய துணி கட்டுங்கள், பொடி ஈக்களும் முட்டையைத் தேடி வரும்.