ஊர் டிவிக்குப் பெட்டி வாங்கிப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது, அம்மா அப்பா டிவியில் இணையம் வழியே படம் பார்க்க ஒரு பெட்டியோ குச்சியோ வாங்கிப் போகிறோம். அதைத் தேடும் முன் ஊருக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுத்து, டிவியின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ துளை (படமும் ஒலியும் ஒரே கேபிளில் வருவது) இருக்கிறதா, அதில் குச்சி போன்ற கருவி செருக இடம் விட்டிருக்கிறதா, சுவரில் மாட்டியிருந்தால் கை நுழையுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கை நுழையாது என்றால் குச்சி வேண்டாம். தனிப் பெட்டியும் ஒன்றரை மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளும் எடுத்துப் போங்கள்.

பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் மட்டுமே இருந்தால் அது பழைய டிவி. ஏவி வெளியீடு உள்ள பெட்டியாகத் தேடுங்கள். பெட்டியை இந்த மூன்று துளைகளோடு இணைக்கும் 3.5 மில்லிமீட்டர் கேபிளில் கம்பி வரிசை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்காது. படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்னக் கருவியும் உண்டு, ஆனால் அதற்குத் தனியாக 5 வோல்ட் மின்சாரம் தேவை. அதன் பக்கவாட்டில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு ஒளிபரப்பு முறைகளுக்கு ஒரு விசை இருக்கும். ஊர் டிவிக்கு PAL. தவறாக வைத்தால் படம் நிறமிழந்து உருளும். காசு கட்டிப் பார்க்கும் செயலிகள் திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு காரணமாக இந்தக் கருவி வழியே கறுப்புத் திரையாகவே நிற்கலாம்.

பெட்டியின் தரத்தில் அதிகம் தலையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஊர் டிவியின் திரை 1366×768 புள்ளிகளாக இருந்தால், அதைவிடப் பல மடங்கு தெளிவான 4கே படம் தரும் பெட்டிக்குக் கொடுக்கும் காசு வீண். 4கே டிவியாக இருந்தாலும், எச்டிஎம்ஐ 2.0, எச்டிசிபி 2.2 (திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு) இரண்டும் உள்ள துளையில் செருகினால்தான் பயன் கிடைக்கும். ஒரே டிவியில் எல்லாத் துளைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நினைவகம் 2 ஜிபி, சேமிப்பு 8 ஜிபி போதும். 1 ஜிபி நினைவகத்தில் ஆறு மாதம் ஓடும், பிறகு ஒவ்வொரு பொத்தானுக்கும் காத்திருக்க வேண்டும். ஏவி1 என்ற வீடியோ வடிவத்தைச் சிப்பே விரிக்கிறதா என்று பாருங்கள். அம்லாஜிக் சிப்களில் எஸ்905எக்ஸ்4 விரிக்கும், எஸ்905எக்ஸ்3 விரிக்காது. திருட்டுப் பதிவைத் தடுக்கும் வைட்வைன் எல்1 சான்று இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 480 வரித் தெளிவுக்கு மேல் தராது. பெட்டி மேல் 8கே என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் இதுதான் நிலை.

இந்த இடத்தில் உறவினர் ஒருவர் கண்டிப்பாகக் குறுக்கே வருவார். "எல்லாச் சேனலும் சும்மா வருகிற பெட்டி இருக்காம், அதை வாங்கி வா" என்பார். மறுத்தால் வெளிநாட்டுக்காரன் காசுக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று பேச்சு வரும். வந்தாலும் மறுத்துவிடுங்கள். 2023இல் டி95 என்ற மலிவுப் பெட்டி, வரும்போதே தீநிரலோடு வருவது அம்பலமானது. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் வலையில் இப்படிப்பட்ட கருவிகள் இலட்சக்கணக்கில் சிக்கியிருப்பதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. வீட்டு இணைய முகவரியை முன்பின் தெரியாதவர்களின் மோசடிக்கு வாடகை விடுகிற வேலை அது. அம்மா வங்கிச் செயலி பார்ப்பதும் அதே வைஃபையில்தான். கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி கருவி, அல்லது பெயர் தெரிந்த நிறுவனத்தின் குச்சி, இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

இனி வருவதுதான் பலருடைய பயணத்தையே கெடுத்த விஷயம். பெட்டியை நீங்கள் வசிக்கும் நாட்டில் பிரித்து, உங்கள் கணக்கைப் போட்டு, எல்லாச் செயலியையும் ஏற்றி, "செருகினால் போதும்" என்று தயார் செய்து எடுத்துப் போகாதீர்கள். அன்பாகத்தான் செய்கிறோம், ஆனால் சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. பிளே ஸ்டோர் உங்கள் கணக்கின் நாட்டைப் பார்த்தே செயலிகளைக் காட்டும். அப்பா கேட்கிற ஊர்ச் செய்திச் செயலி தேடினாலும் வராது. நாட்டை மாற்றலாம் என்றால் வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். அந்த நாட்டில் வழங்கிய அட்டை போன்ற கட்டண முறையைச் சேர்க்கவும் வேண்டும். மாற்றம் முழுதாக நடைமுறைக்கு வர 48 மணி நேரம் வரை ஆகும். விடுமுறையின் கடைசி இரண்டு நாளில் இதைத் தொடங்குகிறவர்கள் பெட்டியைப் பாதியில் விட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

அதைவிட மோசமானது சரிபார்ப்புக் குறியீடு. நீங்கள் திரும்பிப் போன பிறகு ஒருநாள் மின்சாரம் போய் வரும், அல்லது ரூட்டர் மாறும். செயலி மறுபடி நுழையச் சொல்லும். குறியீடு உங்கள் கைப்பேசிக்கு வரும், உங்களுக்கு அப்போது நள்ளிரவு. அவர்கள் கூப்பிட மாட்டார்கள். "பிள்ளை வேலைக்குப் போகணும், தூங்கட்டும்" என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். கேட்டால் "நல்லா வேலை செய்யுது" என்பார்கள். அடுத்த முறை போகும்போது பெட்டி உறையோடு அலமாரியில் இருக்கும்.

எனவே ஊருக்குப் போன முதல் நாளே வேலையைத் தொடங்குங்கள். பெட்டியை முன்பே திறந்திருந்தால் தொழிற்சாலை நிலைக்கு மீட்டுவிட்டு, ஊர் இணையத்தில், ஊர்க் கைப்பேசி எண்ணில், அம்மா பெயரிலோ அப்பா பெயரிலோ புதிய கூகுள் கணக்கு தொடங்குங்கள். கடவுச்சொல்லைக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதுங்கள். கூகுள் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் 10 காப்புக் குறியீடுகளைத் தரும். அவற்றையும் அதே பக்கத்தில் எழுதி, பயன்படுத்தியதை அடித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் நெட்ஃபிளிக்ஸ் கணக்கை அங்கே ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். 2023 முதல் ஒரு கணக்கு ஒரே வீட்டுக்கு என்ற கட்டுப்பாட்டை அது இறுக்கிவிட்டது. ஊர்ச் சந்தாவை ஊர்க் கட்டண முறையில் எடுத்து, தீரும் தேதியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்கள் அட்டையில் கட்டினால் அட்டை காலாவதியாகும் அன்று அங்கே படம் நிற்கும். காரணம் அவர்களுக்குத் தெரியாது.

மின்சாரத்தில் இரண்டு எச்சரிக்கை. அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். ஆனால் வட அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட்டுக்கான பலமுனைப் பலகையைக் கொண்டு போய் 230 வோல்ட்டில் செருகினால் அது எரிந்துபோகலாம். குச்சியை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து ஓட்டவும் கூடாது. பழைய துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், குச்சிக்கு 1 ஆம்பியராவது வேண்டும். சின்னம் தோன்றி மறைந்து மறுபடி தோன்றிக்கொண்டே இருந்தால் கருவி பழுது என்று முடிவு கட்டாதீர்கள், அதன் சொந்த அடாப்டரில் போட்டுப் பாருங்கள்.

வைஃபை ஒருநாள் தெரிந்து மறுநாள் காணாமல் போகிறதா? வட அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பல, 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13ஆம் அலைவரிசைகளைப் பார்க்காது. ஊர் ரூட்டர் தானாக அங்கே தாவியிருக்கும். ரூட்டர் அமைப்பில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். தடித்த சுவர் கடக்க 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4தான் நல்லது. வீட்டில் இணையம் கைப்பேசித் தரவுதான் என்றால் ஒரு மணி நேர எச்டி படம் 3 ஜிபி வரை தின்னும், சாதாரணத் தரம் 1 ஜிபி வரை. செயலிக்குள் தரத்தைக் குறைத்து வைத்துவிட்டு வாருங்கள். அதைச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

இணையம் இல்லாத நாளுக்கு ஒரு 64 ஜிபி பென்டிரைவ் எடுத்துப் போங்கள். அதில் சினிமாவுக்கு முன்னால் வீட்டு வீடியோக்களை ஏற்றுங்கள். கல்யாண டிவிடியின் கோப்பை அப்படியே போட்டால் சில பெட்டிகளில் தடுமாறும், அசைகிற இடமெல்லாம் சீப்புப் பற்கள் போலக் கோடு விழும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் வடிகட்டியைப் போட்டு, படம் எச்.264 8 பிட், ஒலி ஏஏசி, நொடிக்கு 25 சட்டகம் என்று மாற்றுங்கள். ஒலி டிடிஎஸ் வடிவில் இருந்தால் பல பெட்டிகளில் படம் ஓடும், சத்தம் வராது. எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையை எல்லாப் பெட்டியும் படிக்காது, புறப்படும் முன் சோதித்துவிடுங்கள். தமிழ்த் துணையெழுத்து யுடிஎஃப்-8 (யூனிகோடு) முறையில் இருக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்தது திரையில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். "கொ", "தெ" வருகிற வரியை ஓடவிட்டு, கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். பின்னால் போனால் வேறு பிளேயர் போடுங்கள்.

ரிமோட்டைக் குறைப்பது அவர்களுக்குப் பெரிய உதவி. டிவி அமைப்பில் சிஇசி என்ற வசதியை இயக்கினால் டிவி ரிமோட்டே பெட்டியையும் நகர்த்தும். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட்+, எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். பெட்டியின் ரிமோட் புளூடூத் வகை என்றால், தொலைந்த பிறகு சாதாரணப் பொது ரிமோட் அதன் இடத்துக்கு வராது, இன்னொன்று சேர்த்தே வாங்குங்கள். முகப்பில் நான்கு செயலி மட்டும் விட்டு மற்றதை நீக்குங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மாலையில் உட்கார்ந்து, டிவியைப் போடுவதிலிருந்து அணைப்பதுவரை அம்மாவே செய்யட்டும். ரிமோட்டை வாங்காதீர்கள், எவ்வளவு நேரம் ஆனாலும். மூன்றாவது முறையில் விரல் எந்தப் பொத்தானில் தயங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பொத்தானில் மட்டும் சிவப்பு நகப்பூச்சு ஒரு துளி வையுங்கள்.