திருகோணமலையில் ஒரு விஞ்ஞானக் கூட்டம் வைப்பது எப்படி?

கொழும்பில் இருக்கிறவர் சனி ஞாயிறில் எங்கேயாவது ஒரு விஞ்ஞானப் பேச்சு நடக்கிறதா என்று தேடினால் ஒன்றாவது அகப்படும். நாங்கள் அதைக் கேட்கப் போவதென்றால் 250 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் குந்தியிருக்க வேண்டும். கடைசி பஸ் போய்விடுமே என்ற யோசனையில் ஒரு கேள்வி கேட்கவும் மனம் வராது. அதனால்தான் நாலு பேர் சேர்ந்து இங்கேயே வைக்கத் தொடங்கினோம். பெரிய காரியம் இல்லை. 30 கதிரை, பேச ஒருவர், கையில் எடுத்துப் பார்க்க ஒரு சாமான். நாங்கள் விட்ட பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன், நீங்கள் வேறு பிழைகளை விட்டுக்கொள்ளலாம்.

1. தலைப்பு

எங்கள் முதல் கூட்டத்தின் தலைப்பு ‘நனோ தொழினுட்பத்தின் எதிர்காலம்’. 11 பேர் வந்தார்கள். கதிரை தூக்கிய நாங்கள் நாலு பேரும் அதில் அடக்கம். இரண்டாவது கூட்டம் ‘கன்னியாவில் தண்ணீர் ஏன் சுடுகிறது?’ கதிரை போதாமல் பக்கத்து வகுப்பறையிலிருந்து வாங்கு தூக்கி வந்தோம்.

கன்னியாவுக்குப் போகாத திருகோணமலைக்காரர் இல்லை. ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றியிருப்பார்கள், எது கூடச் சூடு என்று சண்டையும் பிடித்திருப்பார்கள். அடியில் எரிமலை இருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளூடாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் கூடும். அங்கே சூடேறிய தண்ணீர், ஆறிப்போகுமுன் இன்னொரு வெடிப்பால் மேலே வந்துவிடுகிறது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் தன் தலையில் ஊற்றிய தண்ணீரைப் பற்றிய பேச்சு என்றால் ஆள் அசையாமல் இருந்து கேட்கும்.

இப்படி ஊருக்குள்ளேயே எவ்வளவோ இருக்கிறது. புல்மோட்டையின் கறுப்பு மணல், புறாத்தீவின் பவளப்பாறை. நீலத்திமிங்கிலம் கரைக்கு ஏன் இவ்வளவு கிட்ட வருகிறது என்று கேட்டால் அது துறைமுகத்துக்கு வெளியே கிடக்கும் கடலடிப் பள்ளத்தாக்கின் கதையாகிவிடும். 1956இல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோணேசர் கோயிலடிக் கடலில் சுழியோடிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். அதே கிளார்க்தான் 1945இல், நிலத்திலிருந்து ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதியை நிறுத்தினால் அது ஓரிடத்திலேயே நிற்பதுபோலத் தெரியும், அதைக் கொண்டு உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று எழுதியவர். கோயில் தூணில் தொடங்கி டிஷ் அன்ரனாவில் முடிக்கலாம்.

2004 சுனாமியும் நல்ல தலைப்புத்தான். ஆனால் முதல் கூட்டத்துக்கு வேண்டாம். மண்டபத்தில் அன்று ஆளை இழந்த யாராவது இருப்பார். அலையின் வேகத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

2. பேசுபவர்

பேராசிரியர்தான் வேண்டும் என்று கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியிலேயே இருக்கிறது. உயர்தரம் படிப்பிக்கிற பௌதிகவியல் சேர், ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறவர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் என்று தேடினால் ஆள் உண்டு. அநேகமாக எல்லோரும் முதலில் “எனக்கு மேடையில பேச வராது” என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள்தான் நன்றாகப் பேசுகிறார்கள்.

கேட்கும்போதே மூன்று நிபந்தனையையும் சொல்லிவிடுங்கள்: 25 நிமிடம், பத்து ஸ்லைட்டுக்கு மேல் இல்லை, தொட்டுப் பார்க்க ஏதாவது கொண்டுவர வேண்டும். நாங்கள் சொல்லாமல் விட்ட ஒரு தடவை வந்தவர் 84 ஸ்லைட்டோடு வந்தார். ஐம்பதாவதில் முன்வரிசையில் ஒரு பிள்ளை நித்திரை, அதைத் தூக்க வந்த தாய் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, படம் இல்லாமல் முழுவதையும் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் படித்தவருக்குத் தமிழ்ச் சொல் எங்கே சிக்கும் என்பது அப்போது தெரிந்துவிடும். பாடசாலைப் புத்தகத்தில் உள்ள சொல்லே போதும். அமுக்கம், அடர்த்தி, ஒட்சிசன் எல்லாம் சாதாரண தரம் வரை படித்த எவருக்கும் தெரியும். புதுச்சொல் கண்டுபிடிக்கப் போனால் பேசுகிறவரும் தடக்குவார், கேட்கிறவரும் தடக்குவார்.

3. நாள்

ஞாயிறு பின்னேரம் 4.30. காலையில் ரியூசன், சனிக்கிழமை சந்தை. 5.45க்குள் முடித்தால் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்கள் மஃரிப் தொழுகைக்கு நேரத்தோடு புறப்படலாம்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. உலக விண்வெளி வாரம் ஒக்டோபர் 4 முதல் 10 வரை வருகிறது என்று ஆசைப்பட்டுக் கடற்கரையில் எதையும் வைத்துவிடாதீர்கள், மண்டபத்துக்குள் வையுங்கள். ஜூன், ஜூலையில் வானம் வெளித்திருக்கும், ஆனால் கச்சான் காற்று பனரைக் கிழித்துவிடும். (கச்சான் கொட்டை எல்லா மாதமும் கிடைக்கும், அது வேறு விஷயம்.) பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாக் கலண்டரைப் பார்க்காமல் திகதி குறிக்கவே வேண்டாம்.

4. இடம்

பாடசாலை மண்டபம், நூலகம், சனசமூக நிலையம், எதுவானாலும் சரி. பொறுப்பானவருக்குக் கடிதம் ஒன்று கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். கடற்கரை என்றால் பொலிஸுக்கும் உள்ளூராட்சிச் சபைக்கும் சொல்லிவிட வேண்டும். இரவில் இருபது பேர் இருட்டில் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே.

இடம் பார்க்கப் போகும்போது கூட்டம் நடக்கும் அதே நேரத்துக்குப் போங்கள். பின்னேர வெயில் மேற்கு யன்னலால் நேரே திரையில் விழுந்தால் புரொஜெக்டர் இருந்தும் இல்லாததும் ஒன்று. பிளக் எங்கே இருக்கிறது, வயர் எத்தனை மீற்றர் வேண்டும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. தொட்டுப் பார்க்கும் சாமான்

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், காசில் அல்ல, யோசனையில். எங்களுக்கு இதுவரை கைவிடாதது கறுப்பு மணல். தலைப்பு: ‘கறுப்பு மண், வெள்ளைப் பெயின்ட்’.

அலை பின்வாங்கிய இடத்தில் சில வேளை மை கொட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு கிடக்கும். அதில் ஒரு கைப்பிடி போதும். புல்மோட்டைச் சுரங்க எல்லைக்குள் போய் அள்ளத் தேவையில்லை. பழுதான கணினி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றினால் உள்ளே பிறை வடிவில் காந்தம் இருக்கும். சின்னதுதான், ஆனால் விரலைக் கடிக்கிற பலம். அதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வெள்ளைத் தட்டில் பரப்பிய காய்ந்த மணலுக்குச் சற்று மேலே மெதுவாகக் கொண்டுபோங்கள். கறுப்பு மணிகள் துள்ளி எழும்பிப் பையில் ஒட்டும், வெள்ளை மணிகள் தட்டிலேயே கிடக்கும். பக்கத்துத் தட்டுக்கு மேலே வைத்துக் காந்தத்தைப் பைக்குள்ளேயே மேலே இழுத்தால் ஒட்டியதெல்லாம் ‘சர்’ரென்று கொட்டும். பை போட மறந்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை மறந்து, காந்தத்தில் ஒட்டிய மண்ணைப் பல்துலக்கும் பிரஷால் இரவு பத்து மணிவரை தட்டிக்கொண்டிருந்தேன்.

பிரிந்த கறுப்பை ஒரு நெருப்புப்பெட்டியிலும் வெள்ளையை இன்னொன்றிலும் நிரப்பி ஆட்களின் கையில் கொடுங்கள். ஒன்று பாரமாக இருக்கும், உடனே முகம் மாறும். கறுப்பில் பெரும்பகுதி இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம், தண்ணீரைவிட ஏறத்தாழ 4.7 மடங்கு அடர்த்தி. வெள்ளை மணலான படிகம் (குவாட்ஸ்) 2.65 மடங்குதான். அலை திரும்பும்போது பாரம் குறைந்ததை இழுத்துக்கொண்டு போகிறது, கறுப்பு பின்தங்கிவிடுகிறது. அந்தக் கறுப்பிலிருந்து எடுக்கும் தைத்தேனியமீரொட்சைட்டுத்தான் சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டை வெள்ளையாக்குகிறது. இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்த ஒரு அம்மா எழும்பி மண்டபச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

6. அறிவித்தல்

‘கருத்தரங்கு’ என்று போட்டால் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்பார்கள். கேள்வியாகப் போடுங்கள்: ‘கன்னியாவில் தண்ணீர் ஏன் சுடுகிறது? ஞாயிறு 4.30. இலவசம். 5.45க்கு முடியும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.’ முடியும் நேரம் கட்டாயம். கீழே சிங்களத்தில் ஒரு வரி. வாட்ஸ்அப் குழுக்களில் வியாழன் ஒரு தடவை, ஞாயிறு காலை ஒரு தடவை. இவ்வளவும் போதும்.

7. கூட்டத்தன்று

4.30 என்றால் பாதிப் பேர் 4.50க்குத்தான் வருவார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. மணல் மேசையை 4.30க்கே திறந்துவிடுங்கள், நேரத்துக்கு வந்தவர்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். 4.50க்குப் பேச்சு. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒருவரைப் போர்த்தினால் எல்லோரையும் போர்த்த வேண்டும், பிறகு விஞ்ஞானத்துக்கு மிஞ்சுவது பத்து நிமிடம்.

பேச்சுக்குச் சமமான நேரம் கேள்விக்கு. எங்கள் அனுபவத்தில் கூட்டம் உண்மையில் தொடங்குவதே அங்கேதான். முதல் கேள்வி சின்னப்பிள்ளைக்கு, இது எங்கள் சட்டம். பெரியவர்கள் தொடங்கினால் கேள்வி வராது, இன்னொரு பேச்சுத்தான் வரும். எழும்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத் துண்டுக் கடதாசியும் பென்சிலும் கதிரையில் வையுங்கள்.

கன்னியாப் பேச்சில் கடற்தொழில் செய்கிற ஒரு ஐயா கேட்டார்: “தம்பி, ஆழத்துக்குப் போகப் போகச் சூடு எண்டியள். நாங்க வலையை எவ்வளவு ஆழத்தில விட்டாலும் கீழ்த்தண்ணி குளிர்தானே?” பேசியவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு சொன்னார்: “நல்ல கேள்வி ஐயா. நான் சொன்னது பாறைக்குள்ள. கடல் வேற. குளிர்ந்த தண்ணி பாரம், அது அடிக்குப் போயிடும். வெயிலும் மேல்தண்ணியைத்தான் சூடாக்குது.” அந்தக் கேள்வியிலிருந்து அடுத்த மாதத் தலைப்பு கிடைத்தது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லலாம்.

பிளேன்ரீயும் வடையும் கடைசியில். முதலில் கொடுத்தால் ஆள் கழன்றுவிடும்.

8. வானம் பார்க்கும் இரவு

முதல் தடவை நாங்கள் போயா தினத்தில் வைத்தோம். லீவு, எல்லோரும் வருவார்கள் என்ற கணக்கு. வந்தார்கள்தான். ஆனால் போயா என்றால் பூரணை. நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. சரி, நிலாவையாவது பார்ப்போம் என்றால் அதுவும் வெறும் வெள்ளைத் தட்டு. சூரிய ஒளி நேரே விழுவதால் குழிகளின் நிழல் தெரியாது. வளர்பிறை ஏழாம் எட்டாம் நாள்தான் நல்லது, அரைநிலாவின் விளிம்பில் குழியெல்லாம் எழும்பி நிற்கும். அன்று கொண்டுபோயிருந்த நட்சத்திர வரைபடத்தை, கடற்கரைக்கு இறங்கிவந்த ஊர் மான் ஒன்று ஒரு மூலையிலிருந்து தின்னத் தொடங்கிவிட்டது. வடக்கு வானம் போய்விட்டது.

தொலைகாட்டி இல்லாவிட்டால் 10 பெருக்கல் 50 இருவிழியன் (பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும், முன்வில்லை 50 மில்லிமீற்றர் அகலம்) ஒன்று போதும், கையை எதிலாவது ஊன்றிக்கொண்டால் வியாழனின் சந்திரன்கள் புள்ளியாகத் தெரியும். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க டோர்ச்சில் சிவப்புச் செலோபேன் கட்டுங்கள். மே நடுப்பகுதியில் இரவு 9 மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தென்சிலுவையும் ஒரே நேரத்தில் நிற்கும். இலண்டனில் தென்சிலுவை தெரியாது, சிட்னியில் சப்தரிஷி முழுதாகத் தெரியாது. துருவ நட்சத்திரம் எங்களுக்கு அடிவானிலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில், நீட்டிய கையின் ஒரு முட்டி அளவு.

9. மண்டபமே இல்லாவிட்டால்

ஒன்றும் சரிவராவிட்டால் நிழலில்லா நாளில் தொடங்குங்கள். சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருவது ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 31ஐ ஒட்டியும். ஏப்ரலில் திருவிழாவும் வருசப்பிறப்பும் நெருக்கும், ஆகஸ்ட் வசதி. இரண்டு மீற்றர் பிவிசி குழாய் ஒன்றைச் சமதரையில் நிறுத்தி, நூல்குண்டு பிடித்து நிமிர்த்துங்கள். 12 மணி தாண்டி ஐந்தாறு நிமிடத்தில் நிழல் குழாயின் அடிக்குள் போய்விடும். பக்கத்து வளவுக் கிணற்றை எட்டிப் பார்த்தால் வெயில் அடித்தண்ணீரைத் தொட்டிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பரையும் அதே அளவுக் குழாயோடு நிறுத்திவிடுங்கள். அங்கே உச்சிப்பொழுது ஐந்து நிமிடம் பிந்தி வரும், நிழல் ஆகக் குறுகும் நேரத்தில் அவர் அளக்க வேண்டும். 3.8 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். கோணத்துக்கு மாற்றினால் 1.09 பாகை, 360ஐ அதனால் பிரித்தால் ஏறத்தாழ 330. இரண்டு ஊருக்கும் இடையில் வடக்குத் தெற்காக உள்ள தூரம் 121 கிலோமீற்றர், வீதித் தூரம் அல்ல, இதில்தான் பிள்ளைகள் பிழைவிடுவார்கள். பெருக்கிப் பாருங்கள், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வந்துவிடும். நிழலை அளப்பதில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே ஆயிரம் கிலோமீற்றர் கூடிக் குறையும், அதனால் மூன்று பேரைத் தனித்தனியாக அளக்க விடுங்கள். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவரச் சொல்லுங்கள்.