நமக்கு நாமே திட்டம்: வசூலுக்கு முன் எஸ்டிமேட்

தெருப் பூங்காவைச் சீர்செய்ய நமக்கு நாமே திட்டத்தில் நிதி கேட்கப் போகிறீர்களா? செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது, மீதி அரசுடையது. உற்சாகத்தில் பலர் முதலில் வசூலில் இறங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். முதலில் வார்டு உதவிப் பொறியாளரை இடத்துக்கே அழைத்து வந்து எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். நடைபாதைக்கும் வேலிக்கும் 9 லட்சம் என்று வந்தால் உங்கள் பங்கு 3 லட்சம். "சுமார் 2 லட்சம் ஆகும்" என்று சொல்லி வாங்கிவிட்டு, மறுபடியும் அதே கதவைத் தட்டுவது தர்மசங்கடம்.

பணத்தைக் குடியிருப்போர் சங்கப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்கவே கூடாது, அவர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் சரி. சங்கத்தின் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. ஐம்பது ரூபாய்க்கும் ரசீது. ஜிபேயில் அனுப்புபவர்களிடம் வீட்டு எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்று 'குமார்'களில் யார் கொடுத்தது என்று தேட வேண்டியிருக்கும்.

வேலை நடக்கும்போது எஸ்டிமேட் நகல் கையில் இருக்கட்டும். கான்கிரீட் கனம் குறைந்தால் அன்றே கேட்கலாம். அப்புறம், முடிந்தபின் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.