கடலோரத்து வீட்டில் மழையைக் கிணற்றுக்குள் இறக்குவது எப்படி

ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். அதனால் ஆடி பிறந்ததும் ஆரம்பியுங்கள். மழை பிடித்த பிறகு மேஸ்திரியும் கிடைக்கமாட்டார், ஈர மணலில் பள்ளமும் நிற்காது.

சென்னையின் தென்கடலோரத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று நீளும் மணல் பகுதி இது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இரண்டிலும் உப்பு. திருவான்மியூரில் இரண்டு கிரவுண்டில் நிற்கும் எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். பிளம்பரோடும் மேஸ்திரியோடும் கூடவே நின்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது முதலில் புரிய வேண்டும். மணலில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் கடல்நீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம்வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு அத்தனை அடி ஏறத் தொடங்கும். நாம் 'போர் தண்ணி கரிக்குது' என்று சொல்லும்போது நடந்திருப்பது இதுதான். போரை இன்னும் ஆழமாக இறக்குவது உப்பை நோக்கிப் போவது. கடலோரத்தில் தேவை ஆழம் இல்லாத திறந்த கிணறு. அதற்குள் மொட்டை மாடி மழை போக வேண்டும்.

முதலில் கிணற்றைத் தேடுங்கள். இந்தப் பக்கம் பழைய தனி வீடுகள் பெரும்பாலானவற்றில் கிணறு இருந்தது. அடுக்குமாடி எழுந்தபோது பலவற்றைத் தூர்த்தார்கள். சிலவற்றைத் தூர்க்காமல் கான்கிரீட் பலகை போட்டு மூடி, மேலே கார் நிறுத்த இடம் அடித்தார்கள். தெருவில் நெடுநாளாகக் குடியிருக்கும் பெரியவர்களிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள், 'அங்கதான் துணி துவைக்கிற கல்லு இருந்தது' என்று யாராவது கை காட்டுவார்கள். மூடியைத் திறந்ததும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பல வருடம் அடைந்து கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும், இறங்கியவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். இரண்டு மூன்று நாள் திறந்து போட்டு, நாள் முழுக்க வெளிக்காற்றை உள்ளே ஊதி, தூர் வாரிப் பழகிய ஆட்களை மட்டும், இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்க இறக்குங்கள். கூலி கூடக் கேட்டால் கொடுங்கள். இதில் பேரம் வேண்டாம்.

தூர் வாரி, நாலைந்து நாள் தண்ணீர் ஊறிய பிறகு இரண்டு அளவுகளை எடுத்து நோட்டில் எழுதுங்கள். ஒன்று, கயிற்றில் கல் கட்டி விட்டு, மேல் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை எத்தனை அடி என்பது. இன்னொன்று டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. அதைப் பார்க்கப் பேனா அளவுள்ள கருவி கடைகளில் கிடைக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அந்தக் கருவி உப்பின் அளவை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருக்கிறது என்பதற்காகக் கிணற்று நீரை அப்படியே குடித்துவிடக் கூடாது.

அடுத்து, மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய்கள் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். 2003-ல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சென்னையில் அதற்குப் பின் நிலத்தடி நீர் ஏறியதை அந்த வருடங்களில் இங்கே இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் அவசரத்தில் பல வீடுகளில் இரண்டடிப் பள்ளம் தோண்டி, ஜல்லி கொட்டி, மணலால் மூடி, வரைபடத்தில் காட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பள்ளங்கள் இன்று சேறு கெட்டித்துக் கிடக்கின்றன. சோதிப்பது சுலபம்: மாடியைக் கழுவுகிற நாளில் ஒவ்வொரு குழாய் வாயிலும் வாளி வாளியாக ஊற்றி, கீழே ஒருவர் நின்று பார்க்கட்டும். தண்ணீர் தெருவுக்குப் போகிறதா, சாக்கடை மேன்ஹோலுக்குப் போகிறதா என்பது தெரிந்துவிடும். மேன்ஹோலுக்குப் போனால் அன்றே துண்டியுங்கள். பெருமழையில் தரைத்தளக் கழிவறை பொங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இப்போது கணக்கு. சங்கக் கூட்டத்தில் உங்களுக்கு இதுதான் கை கொடுக்கும். சென்னையில் சராசரியாக வருடத்துக்கு 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 2500 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 232 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் மூன்றே கால் லட்சம் லிட்டர். ஆவியாவதும் கழுவி வெளியே விடுவதும் போக 15 சதவீதம் கழித்தாலும் இரண்டே முக்கால் லட்சம் லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் 23 லாரி. நான் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டியபோது, 'நமக்குத்தான் மெட்ரோ வாட்டர் வருதே, எதுக்கு இந்தச் செலவு' என்று கேட்ட இரண்டாம் மாடி சாரே கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு எதிர்ப்பு இல்லை.

அப்படியும் தயங்குபவர்களிடம் 2019-ஐ நினைவுபடுத்துங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் தண்ணீர் கொண்டுவந்த கோடை அது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கட்டியிருக்கிறார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் உப்பைப் பிரித்தெடுக்க அவற்றுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது! நம் தலைக்கு மேல் உப்பே இல்லாமல் இறங்குவதைத் தெருவில் விட்டுவிட்டு ஆலைத் தண்ணீரைக் குடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி இணைப்பு வேலை. மாடிக் குழாய்களை எல்லாம் தரையில் 160 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் சேர்த்து, கிணற்றை நோக்கிச் சரிவு கொடுத்துக் கொண்டுபோங்கள். கிணற்றுக்கு முன்னால் ஒரு வடிகட்டித் தொட்டி வேண்டும். இங்கேதான் பலரும் நுண்ணிய மணலும் கரியும் போடச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால், நான் சொன்ன மாடியிலிருந்து ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர் அந்த ஒரு மணியில் வந்து சேரும். மூன்றடிக்கு மூன்றடித் தொட்டியில் இருக்கும் மணல் அதை விடாது. தொட்டி நிரம்பி வெளியே வழியும், மணல் அடைத்துக்கொள்ளும், யாரும் கழுவமாட்டார்கள். கழுவிய 40 மில்லிமீட்டர் ஜல்லியோ கூழாங்கல்லோ அடியில் ஓர் அடி, அதன் மேல் நைலான் வலை, அதன் மேல் 20 மில்லிமீட்டர் கல் அரை அடி. மொட்டை மாடித் தண்ணீருக்கு இது போதும். தண்ணீர் மேலே விழுந்து கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போக வேண்டும். தொட்டியின் மேல் ஓரத்தில் வழிந்தோட இன்னொரு குழாய் வையுங்கள். மூடி ஒருவர் தூக்கும் எடையில் இருக்கட்டும்.

வடிகட்டிக்கு முன்பே குழாயில் T வடிவ இணைப்பான ஒரு 'டீ' போட்டு, அடியில் திருகு மூடி வைக்கச் சொல்லுங்கள். முதல் மழையன்று அந்த மூடியைத் திறந்துவிட்டால் மாடித் தூசியும் புறா எச்சமும் செடிகளுக்குப் போய்விடும். தண்ணீர் தெளிந்ததும் மூடிக்கொள்ளலாம். கிணற்றுக்குள் குழாயை உயரத்திலிருந்து கொட்ட விடாதீர்கள். அடியில் இருக்கும் மண் கலங்கும், பக்கச் சுவர் அரிக்கும். வளைவு போட்டு, நீர்மட்டத்துக்குப் பக்கம்வரை இறக்கிவிடுங்கள்.

கிணறே இல்லை என்றால் உறை கிணறு இறக்கலாம். மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகள், ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம். இந்த மணலில் வேலை வேகமாக நடக்கும், ஆனால் பக்கம் சரியும் ஆபத்து அதிகம். உறையை வைத்து, உள்ளிருந்து மணலை எடுக்க எடுக்க உறை தானாக இறங்க வேண்டும். வெறும் பள்ளம் தோண்டிவிட்டுப் பிறகு உறை வைக்கிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். உறைகளுக்கு நடுவே சிமெண்ட் பூசக்கூடாது, தண்ணீர் அந்த இடுக்குகளில்தான் வெளியேறும். உள்ளே ஜல்லி நிரப்பவும் கூடாது. காலியாக இருந்தால்தான் சேற்றை அள்ள முடியும். மேலே கார் ஏறினாலும் தாங்கும் கம்பி போட்ட பலகை, அதில் ஆள் இறங்க ஒரு திறப்பு. தண்ணீர் இறைப்பதற்காகக் கிணறு தோண்டுவதானால், சென்னைப் பெருநகர்ப் பகுதியில் 1987-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. அனுமதி பற்றி மெட்ரோ வாட்டர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டே தொடங்குங்கள். செப்டிக் டேங்க், மேன்ஹோல் பக்கமாகத் தோண்டவே வேண்டாம்.

தரையில் ஓடும் தண்ணீரை மாடித் தண்ணீரோடு சேர்க்காதீர்கள். அதில் வண்டி எண்ணெய் இருக்கும். கேட் அகலத்துக்கு ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் கட்டி, மேலே துளையுள்ள பலகை போட்டு, அதைத் தனி உறை கிணற்றுக்கு விடுங்கள். அந்த உறை கிணறு மழைக்கால நீர்மட்டத்தைத் தொடாமல் மேலேயே நிற்கட்டும். மிச்ச ஆழத்தை மணலே வடிகட்டிக்கொடுக்கும். மாம்பலம், தி.நகர் போலக் களிமண் உள்ள பகுதிக்காரர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அங்கே உறை கிணற்றுக்குள் துளைக்குழாய் இறக்கி, களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்குவரை போக வேண்டும்.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறார்கள். 1990-களில் பெசன்ட் நகர் வீடுகளின் கதவைத் தட்டித் தட்டி இதைச் சொன்னவர் சேகர் ராகவன். 2002-ல் அவர் முயற்சியில், மழைநீர் சேகரிப்பைச் சொல்லித்தரும் ரெயின் சென்டர் தொடங்கியது. அவர் அன்று பேசியது இதே மணலைப் பற்றித்தான்.

கிணறு நிறைந்ததும் ஆசை வரும், பெரிய மோட்டார் போடச் சொல்வார்கள். அரைக் குதிரைத் திறன் போதும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என இறைத்து, நடுவில் ஊற விடுங்கள். ஒரே மூச்சில் உறிஞ்சினால், இறைக்கிற இடத்துக்கு நேர் கீழே உப்பு கூம்பாக மேலெழும். எழுந்தது சீக்கிரம் இறங்காது. எங்கள் குடியிருப்பில் கிணற்று நீர் குளிக்க, துவைக்க, கழுவ. மெட்ரோ வாட்டர் சமையலுக்கும் குடிக்கவும். இரண்டுக்கும் தனித்தனி சம்ப் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலுக்கு மதில் கிடையாது, நாம் இறக்குவது அவர்கள் கிணற்றுக்கும் போகும், அவர்கள் உறிஞ்சினால் நமக்கும் குறையும்.

கிணற்றின் வாயைக் கொசு நுழையாத நைலான் வலையால் இறுக்கிக் கட்டுங்கள். சென்னையில் மலேரியா பரப்பும் கொசு பெரும்பாலும் வளர்வதே கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும்தான். மாநகராட்சி சுகாதாரப் பணியாளர்களிடம் கேட்டால் கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீனும் விடுவார்கள். கிருமி நீக்க, 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கு. ஐந்தடி விட்டக் கிணற்றில் ஆறடித் தண்ணீர் நின்றால் அது சுமார் 3,300 லிட்டர், எட்டு கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். மீன் விட்டிருந்தால் பவுடர் வேண்டாம், மேல்நிலைத் தொட்டியில் கலந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் மாடியைக் கூட்டி, குழாய் வாயில் அடைந்த இலைகளை எடுத்து, வடிகட்டிக் கற்களை வெளியே அள்ளிக் கழுவிப் போட வேண்டும். அரை நாள் வேலை. காவலாளியிடம் தள்ளிவிடாமல் வீட்டுக்கு ஒருவர் வந்தால் குழந்தைகளும் கூடவே வந்து நிற்கிறார்கள், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். மாதப் பிறப்பன்று நீர்மட்டத்தையும் டி.டி.எஸ். எண்ணையும் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். எண் தொடர்ந்து ஏறினால், மழையே இல்லாத மாதமாக இருந்தாலும், அந்த வாரமே மோட்டார் ஓடும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.